படத்தின் மடித்த ஓரம்

பாண்டிதுரைக்கு ஐம்பத்தொன்பது வயது. இதுவரை ஒரு சாவியைக் கையில் எடுத்ததில்லை. வீட்டுச் சாவி, பீரோச் சாவி, டிரங்குப்பெட்டிச் சாவி, எதுவும். சைக்கிளைப் பூட்டாமல்தான் நிறுத்துவான். அப்படி இரண்டு சைக்கிள் போயிருக்கிறது.

அவனுடைய அப்பா தொட்டதில்லை. தாத்தா சீனிச்சாமியும் தொட்டதில்லை. கூமாப்பட்டிக்கு மேற்கே, மலையடிவாரத்தில், மேட்டுக்கோட்டை என்று ஓர் ஊர். அங்கே தளவாய் வீட்டு ஆண்கள் சாவி தொடமாட்டார்கள் என்பது ஊரறிந்த சங்கதி. மாமியார் தன் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து மருமகள் இடுப்பில் செருகுவதுதான் அந்த வீட்டுக் கல்யாணத்தில் கடைசிச் சடங்கு. ஏன் என்று கேட்டால் ஒரே பதில்தான் வரும். கோட்டை வாசலைக் காத்து நின்று செத்த தளவாயின் வம்சம். அவர் நின்றாலே வாசல் பூட்டியதுபோலத்தான். அவருக்கு எதற்குச் சாவி?

கோட்டை என்று இப்போது இருப்பது ஒரு மண்மேடும் அதன்மேல் உடைமரங்களும். மேட்டுக்குக் கிழக்கே தளவாய்சாமி பீடம், கம்பிக்கதவு போட்டு, வருசம் முழுக்கப் பூட்டியே இருக்கும். பின்னால் ஓடைக்கரையில் பதினோரு கல். கோட்டைக்குள் சண்டையில் செத்த ஆட்களுக்கு நட்டவை. சித்திரைக் கொடைத் திருவிழாவில் பீடத்துக்கு உச்சிப்பூசை முடிந்ததும் தளவாய் வீட்டின் மூத்த ஆணுக்குத் தலையில் பரிவட்டம் கட்டுவார்கள். திருநீறும் முதலில் அவனுக்கு. கல்லுக்குக் கடைசியில் ஒரு சூடம். கல்லுக்கு உரியவர்கள், செத்தவர்களின் வாரிசுகள், ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்கள். திருநீற்றுத் தட்டு அவர்களிடம் போய்ச் சேரும்போது மற்றவர்கள் பந்தியில் உட்கார்ந்திருப்பார்கள்.

அப்பா போனபின் பன்னிரண்டு வருசமாகப் பரிவட்டம் பாண்டிதுரைக்கு.

பதினெட்டு வயதில் பட்டாளத்துக்குப் போனான். பதினேழு வருசம் இருந்தான். ஏழாம் வருசம் சுபேதார் அவனை ஆயுதக் கிடங்குப் பொறுப்புக்குப் போட்டார். துப்பாக்கிகளை எண்ணி வாங்கி, உள்ளே அடுக்கி, பூட்டி, சாவியைத் தன்னிடம் வைத்துக்கொள்ள வேண்டும். நம்பிக்கையான ஆளுக்குத்தான் கொடுப்பார்கள். அதிலிருந்து படிப்படியாக ஏறிப் போகலாம். பாண்டிதுரை கையை நீட்டவில்லை. எங்கள் வீட்டில் வழக்கமில்லை என்று அரைகுறை இந்தியில் சொன்னான். சுபேதார் முதலில் சிரித்தார். பிறகு முதுகில் மூட்டையைக் கட்டி ஏழு நாள் மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டார். கடைசிவரை லான்ஸ் நாயக். ஊருக்கு எழுதியபோது அப்பாவிடமிருந்து பதில் வந்தது. நலம், மழையில்லை, தளவாய் பேரைக் காப்பாற்றினாய். அந்தக் கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு இன்னும் வைத்திருக்கிறான்.

அப்பா செத்த அன்றும் சாவி இருந்தது. மதியம் மூன்று மணி. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்தார். மாத்திரை பீரோவுக்குள். பீரோச் சாவி கட்டிலுக்கு மேலே ஆணியில் தொங்கியது. பாண்டிதுரையின் மனைவி சண்முகத்தாய், அக்கம்பக்கத்துப் பெண்கள் எடுத்துக் கொடுப்பார்கள் என்று அதை மட்டும் மாட்டிவிட்டு, அன்று வத்திராயிருப்புக்குப் போயிருந்தாள். பாண்டிதுரை ஆணியைப் பார்த்தான். அப்பா அவன் பார்ப்பதைப் பார்த்தார்.

"தொடாதலே" என்றார்.

நாலு வீடு தள்ளி அய்யம்மாள் மாட்டில் பால் கறந்துகொண்டிருந்தாள். ஓடிப்போய்க் கூப்பிட்டான். அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வந்து, சாவியை எடுத்து, பீரோவைத் திறந்து, மாத்திரையை எடுத்து நாக்குக்கு அடியில் வைத்தாள். பத்து நிமிசம் ஆகியிருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அப்பா போய்விட்டார். துட்டி கேட்க வந்தவர்கள் வேறு விதமாகப் பேசிக்கொண்டார்கள். உயிர் போற நேரத்துல கூட தொடல பாரு, தளவாய் வம்சம்ல. பாண்டிதுரை துண்டை வாயில் வைத்துக்கொண்டு அதைக் கேட்டான். அழுகைக்கு நடுவில் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

பிறகு ராஜபாளையத்துக்கு வந்தார்கள். ஒரு பஞ்சு மில்லின் பின்வாசலில் காவல் வேலை. முதல் நாளே தகராறு.

"வாச்மேன் சாவி தொடமாட்டீருன்னா ஒம்ம எதுக்குய்யா? வாசல்ல நிக்க ஒரு சோளக்கொல்லைப் பொம்மை வாங்கி வச்சிருவனே" என்றான் ஏஜென்சி சூப்பர்வைசர்.

அப்போது குறுக்கே வந்தவன் மாரிச்சாமி. மேட்டுக்கோட்டையில் ஓடைக்கு அந்தப் பக்கத்துக்காரன். மில்லில் வைண்டிங் பிரிவில் மேஸ்திரி. பாண்டிதுரையைவிடப் பத்து வயது இளையவன்.

"நான் தொறந்து விடுதேன் சார். காலையில மொத ஆளா நான்தான வாரேன். அண்ணாச்சி நிக்கட்டும். சாவி எங்கிட்ட இருக்கட்டும்."

எட்டு வருசமாக அப்படித்தான் நடக்கிறது. காலை ஐந்தே முக்காலுக்கு மாரிச்சாமி வந்து பின்வாசல் பூட்டைத் திறப்பான். சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொள்வான். பாண்டிதுரை கதவைத் தள்ளுவான். லாரி உள்ளே வரும். ஊர்க்காரன் தளவாய் வீட்டுக்குக் கொடுக்கும் மரியாதை அது என்று பாண்டிதுரை நினைத்திருந்தான். பதிலுக்குத் தீபாவளிக்கு மாரிச்சாமி வீட்டுக்கு ஒரு வேட்டி எடுத்துக் கொடுப்பான்.

ராஜபாளையத்து வாடகை வீட்டில் அவனுக்கென்று சுவரில் மாட்டியது ஒரு படம் மட்டும். தாத்தா சீனிச்சாமி மலைமேல் ஒரு வெள்ளைக்காரத் தோட்டத்தில் சமையலுக்கு இருந்தவர். தோட்டத் துரை சீமைக்குத் திரும்பும்போது பங்களாவில் கிடந்த படங்களில் ஒன்றை அவரிடம் கொடுத்தார். இது உன் ஊர்க் கோட்டை என்று சொல்லிக் கொடுத்தாராம். செம்புத் தகட்டில் கோடு கோடாகக் கீறி, மையிட்டு, தாளில் அழுத்தி எடுத்த படம். கோட்டை வாசல். படியில் தலைப்பாகையும் மீசையுமாகத் தளவாய். ஒரு படி கீழே வெள்ளைக்காரக் கர்னல், தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கியிருக்கிறான். இருவர் கைக்கும் நடுவே முழங்கை நீளத்துக்கு ஒரு சாவி. பின்னால் ஈட்டிக்காரர்கள் நடந்துபோகிறார்கள். மதில்மேல் புகை.

வீட்டில் எல்லோரும் அதை ஒரே மாதிரிதான் படித்தார்கள். வெள்ளைக்காரன் தோற்று, தொப்பியைக் கழற்றி, பிடித்த கோட்டையின் சாவியைத் தளவாயிடம் திருப்பித் தருகிறான். அப்புறம் ஒரு நாள் பெரும்படை கொண்டுவந்து வஞ்சகமாகக் கொன்றான். பாண்டிதுரை தன் பிள்ளைகளுக்கும் அப்படியே சொல்லியிருந்தான்.

மாசி மாதம் சித்தப்பா மகன் சங்கிலிப்பாண்டி வந்தான். ஜேசிபி வைத்து ஓட்டுகிறவன். படத்தின் முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான்.

"அண்ணே, தாத்தா படத்தைக் கருங்கல்லுல எடுக்கப் போறேன். ஆறடிக்கு நாலடி. இப்பம்லாம் மிசின்லயே கோடு கோடாக் கீறிக் குடுத்துருதான். கொடைக்கு பீடத்துக்கு முன்னால நிப்பாட்டிருவோம். நீங்கதான் துணிய விலக்கணும்."

"கண்ணாடிக்குள்ள பூச்சி விழுந்திருக்கேலே. கோடு தெளியுமா?"

"போன்ல ஒண்ணு எடுத்துக்கிடுதேன். ஆனா ஒரிஜினலைச் சுத்தம் பண்ணி ஸ்கேன் போட்டா நல்லா இருக்கும். பின்னால பாருங்க, சட்டம் போட்ட கடைச் சீட்டு ஒட்டியிருக்கு. ஸ்ரீவில்லிபுத்தூர். கடை இன்னும் இருக்கு. பேரன் நடத்துதான்."

பாண்டிதுரை படத்தைப் பழைய வேட்டியில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினான். மடியில் குழந்தையை வைப்பதுபோல வைத்துக்கொண்டான்.

கடைக்காரன் பெயர் ஜெபக்குமார். பக்கத்துக் கடையில் பால் சுண்டிக்கொண்டிருந்தது. படத்தைக் குப்புறப் போட்டு, துருப்பிடித்த ஆணிகளைக் குறட்டால் ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். அட்டையை எடுத்தான். அடியில் ஒரு செய்தித்தாள். அதையும் எடுத்தான். பிறகு கையை எடுத்துவிட்டான்.

"அண்ணாச்சி, படம் இம்புட்டு இல்ல. கீழ நாலு விரக்கடை மடிச்சிருக்கு."

"வெட்டுப்பட்டுருக்கா?"

"வெட்டல. மடிச்சுத்தான் வச்சிருக்கு, மடிப்பு நூல் பிடிச்சாப்புல இருக்கு. எங்க தாத்தா தாள்ல கை வைக்கவே மாட்டாரு. படம் பெருசுன்னா சட்டத்தைப் பெருசாப் போடுவாரு. யாரோ மடிக்கச் சொல்லித்தான் மடிச்சிருக்கணும்."

ஈரத்துணியை லேசாக ஒற்றி மடிப்பை விரித்தான். மற்ற இடமெல்லாம் பழுத்திருக்க, அந்த ஓரம் மட்டும் வெள்ளையாக இருந்தது. அதில் சாய்ந்த எழுத்தில் இரண்டு வரி. இங்கிலீசு.

ஜெபக்குமாரின் மனைவி தேவகிருபை பள்ளிக்கூடத்தில் இங்கிலீசு டீச்சர். மதியச் சாப்பாட்டைக் கொடுத்துவிட்டுப் போக வந்தவளிடம் நீட்டினான். அவள் தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு வாய்க்குள் படித்தாள். புருசன் முகத்தைப் பார்த்தாள்.

"என்ன போட்டிருக்கு டீச்சர்?" என்றான் பாண்டிதுரை.

"இவுக உங்களுக்கு யாரு?"

"எங்க பாட்டன். தளவாய்."

அவள் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "வெளியில வச்சுச் சொல்ற விசயமில்ல அண்ணாச்சி. உள்ள வாங்க."

"இங்கனயே சொல்லுங்க."

"'மேட்டுக்கோட்டைத் தளபதி, காவலை விலக்கிக்கொண்டு, வாசல் சாவியைக் கர்னலிடம் ஒப்படைக்கிறார்.' அது மேல் வரி."

"கீழ?"

"'உள்ளே இருந்தவர்கள் இதை அறியாமல் மேற்கு மதிலில் சண்டையிட்டுக்கொண்டிருந்தார்கள்.' அம்புட்டுதான்."

ஜெபக்குமார் குறட்டை மேசையில் வைத்தான். "வெள்ளக்காரன் அவனுக்குத் தோதா எழுதியிருப்பான் அண்ணாச்சி. சண்டையில ஜெயிச்சவன் போட்ட படம்தான இது."

பாண்டிதுரை மேசைமேல் கிடந்த பூதக்கண்ணாடியை எடுத்தான். ஐம்பது வருசமாகப் பார்த்த படம். சாவிமேல் வைத்துப் பார்த்தான். கர்னலின் கை உறை போட்ட கை. உள்ளங்கை மேல் நோக்கி விரிந்திருக்கிறது. தளவாயின் கை அதற்கு மேலே, கவிழ்ந்து, விரல்கள் பாதி விட்ட நிலையில். கொடுக்கிற கை மேலே இருக்கிறது. பட்டாளத்தில் கிடங்குச் சாவி கைமாறுவதைத் தூரத்திலிருந்து எத்தனையோ முறை பார்த்திருக்கிறான். தன் கையில் ஒரு முறை நடந்திருந்தால் இது எப்போதோ தெரிந்திருக்கும்.

கண்ணாடியை நகர்த்தினான். ஈட்டிக்காரர்கள் வாசலைவிட்டு விலகிப் போகிறார்கள். ஈட்டி முனை தரையைப் பார்க்கிறது. மதில்மேல் புகைக்குள் சிறிய சிறிய தலைகள், எல்லாம் அந்தப் பக்கம் பார்த்தபடி. எண்ணினான். ஏழு வரைக்கும் எண்ண முடிந்தது. மிச்சம் புகை.

"மடிச்சே மாட்டவா, விரிச்சு மாட்டவா?" என்று கேட்டான் ஜெபக்குமார். "விரிச்சா சட்டம் பெருசாப் போடணும்."

"இருக்கட்டும். சுருட்டிக் குடுங்க."

வீட்டுக்கு வந்து சண்முகத்தாயிடம் சொன்னான். அவள் மாவு சலித்துக்கொண்டிருந்தாள். கேட்டு முடிக்கும்வரை சல்லடை நிற்கவில்லை.

"வெள்ளக்காரன் பொய்யும் எழுதிருப்பான்" என்று அவனே முடித்தான்.

"எழுதிருப்பான். அவன் எழுதுனதை விடுங்க. இது யாரு எழுதுனது?" இடுப்புக் கொத்தைத் தொட்டுக் காட்டினாள். "ஒங்க அம்மா இதைச் செருகுனப்ப காதுல ஒரு சொல்லு சொன்னாக. ஆம்பளை கைக்கு எட்டாத எடத்துல வையின்னு. கைப்புள்ள கத்திய எடுத்துருவான்னு சொல்ற மாதிரி சொல்றாகளேன்னு நெனச்சேன். பெருமைன்னா அப்படியா சொல்லுவாக?"

"நீ ஒருநாளும் சொல்லலையே."

"நீங்க பரிவட்டம் கட்டிட்டு வந்து நிக்கையில எங்கிட்டுச் சொல்ல?" சல்லடையைத் தட்டினாள். "முப்பத்தி நாலு வருசம். சாவியக் காவல் காத்தேன்னு நெனச்சேன். ஒங்களையில்ல காத்திருக்கேன்."

பாண்டிதுரை சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். படம் இருந்த இடத்தில் சதுரமாக வெளுத்திருந்தது. வெள்ளைக்காரன் படத்தில் என்ன வேண்டுமானாலும் எழுதலாம். ஆனால் மேட்டுக்கோட்டையில் ஒரு வீட்டு ஆண்களிடம் சாவி தரக்கூடாது என்று அவன் வந்து சொல்லிவிட்டுப் போயிருக்க முடியாது. அது ஊர் சொன்னது. அப்பாவின் முகம் வந்தது. தொடாதலே. அவருக்குத் தெரியுமா? தாத்தாவுக்கு நிச்சயமாகத் தெரிந்திருக்கும், துரையே படித்துச் சொல்லியிருப்பார். தெரிந்ததால்தான் மடிக்கச் சொன்னார். கிழித்துப் போட அவருக்குக் கை வரவில்லை.

அந்தப் பத்து நிமிசத்தை அவன் இத்தனை காலமும் ஒரு இடத்தில் பத்திரமாக வைத்திருந்தான். இப்போது அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

சங்கிலிப்பாண்டிக்குப் போன் போட்டான். எல்லாவற்றையும் சொன்னான்.

"அண்ணே, இதைக் கேட்டது நீங்களும் நானும் மதினியும். வேற யாரு?"

"கடைக்காரரும் அவரு சம்சாரமும்."

"அவுக சீவில்லிபுத்தூர்க்காரவுக, விடுங்க. கல்லு வெட்டக் குடுத்தாச்சு. போன்ல எடுத்த படமே போதும்னுட்டான். மடிச்ச மாதிரியே இருக்கட்டும். தாத்தா மடிச்சதை நீங்க எதுக்கு விரிக்கிய?"

"துணிய நான் விலக்க மாட்டேன்."

"நீங்க விலக்கலைன்னா ஊரு கேக்கும்ணே. என்ன சொல்லுவிய? எங்க பாட்டன் காட்டிக் குடுத்தான்னா? பொறவு நம்ம புள்ளைக எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அந்த ஊருக்குள்ள போகும்? கொடை வரைக்கும் யோசிங்க."

யோசிக்க முப்பது நாள் இருந்தது. பாண்டிதுரை தினமும் பின்வாசலில் நின்றான். மாரிச்சாமி வந்து பூட்டைத் திறக்கும்போது அவன் கையைப் பார்த்தான். கொடைக்கு ஒரு வாரம் இருக்கும்போது கேட்டுவிட்டான்.

"மாரிச்சாமி, நீ எதுக்கு எனக்காவ வாசலைத் தொறந்து விடுத?"

மாரிச்சாமி சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டுத் திரும்பினான். "என்ன அண்ணாச்சி, எட்டு வருசம் கழிச்சுக் கேக்கிய?"

பாண்டிதுரை படத்தைப் பற்றிச் சொன்னான். மடித்த ஓரத்தை, இரண்டு வரியை, கையை. தலைகளை எண்ணியதையும் சொன்னான். சொல்லி முடிக்கும்போது முதல் லாரி வந்து ஹாரன் அடித்தது. மாரிச்சாமி டிரைவரைப் பார்த்துக் கையைக் காட்டினான், பொறு என்று.

"எங்க வீட்டுல எல்லாருக்கும் தெரியும் அண்ணாச்சி."

"என்ன தெரியும்?"

"படம் கிடம்லாம் தெரியாது. தளவாய் வீட்டாளு கையில சாவியக் குடுக்கக் கூடாது. சின்னதுலேர்ந்து அதைச் சொல்லித்தான் வளத்தாக. நீங்க வேலைக்கு வந்த அன்னைக்கு சூப்பர்வைசர் சாவிய ஒங்ககிட்ட நீட்டுனான் பாருங்க. அதான் குறுக்க வந்தேன். உள்ள முன்னூறு பேரு வேலை செய்தாகள்ல."

பாண்டிதுரை பூட்டிலேயே தொங்கிய சாவியைப் பார்த்தான். "நீ மரியாதைக்குச் செய்யுதன்னு நெனச்சிட்டேன்லே."

"மரியாதையும்தான். நீங்க நல்ல ஆளு. அது வேற."

"காட்டிக் குடுத்தவனுக்கு எதுக்குப் பீடம்? எதுக்கு வருசா வருசம் பூசை?"

"வெளிய விட்டா ஆகாதுன்னுதான். செத்த பொறவும் வாசலைத் தொறந்து விட்டுருவாருன்னு பயம். அதான் உள்ள ஒக்கார வச்சுக் கம்பிக்கதவு போட்டுப் பூட்டிருக்கு. பூட்டுறது யாரு? ஒங்க வீட்டுப் பொம்பளையாளு. நீங்க பூட்டுனதுண்டா?" லாரி மறுபடி அடித்தது. "இந்தா வாரேன்யா, செத்த பொறு. அண்ணாச்சி, கதவைத் தள்ளுங்க."

இருவரும் ஆளுக்கொரு பக்கம் தள்ளினார்கள்.

கொடையன்று வெயில் ஏறியிருந்தது. சண்முகத்தாய் கம்பிக்கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கினாள். பீடத்துக்கு முன்னால் கருங்கல் மஞ்சள் துணிக்குள் நின்றது. சங்கிலிப்பாண்டி வெள்ளை வேட்டியில் இங்குமங்கும் போய்க்கொண்டிருந்தான். மேளம் நின்றது. பூசாரி தட்டில் பரிவட்டத்தை மடித்து வைத்து, திருநீற்றுக் கொப்பரையோடு பாண்டிதுரை முன்னால் வந்தான்.

"குனிங்க" என்றான்.

பாண்டிதுரை குனியவில்லை.

"கல்லுக்குப் போயிட்டு வா சாமி. மொதல்ல அங்க."

"என்ன சொல்லுதிய? உச்சிப்பூசை முடிஞ்சாச்சு, இனி பரிவட்டம்தான."

"அங்க போயி சூடத்தைக் காட்டு. தளவாய் வாசலைக் காக்கல. தொறந்து விட்டாரு. செத்தது அவுக. மரியாதை அவுகளுக்குள்ளது."

பெரிய சத்தமாகச் சொல்லவில்லை. முன்வரிசைக்குக் கேட்டது. பின்னால் இருந்தவர்கள் என்ன, என்ன என்றார்கள். யாரோ, மிலிட்டரிக்கு வெயில் ஏறிருச்சு, நிழல்ல கூட்டிட்டுப் போங்க என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள். சங்கிலிப்பாண்டி பக்கத்தில் வந்து பல்லைக் கடித்துக்கொண்டு, "அண்ணே, ஊரு பாக்குது" என்றான்.

"பாக்கட்டும்லே."

பூசாரி தட்டோடு நின்றான். அவனுக்கு இரண்டு பக்கமும் ஆட்கள். கடைசியில் வழக்கம் தெரிந்த இடத்துக்கே திரும்பினான். சங்கிலிப்பாண்டியைப் பார்த்தான். சங்கிலிப்பாண்டி ஒரு நொடி அண்ணனைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்தான். பரிவட்டம் அவன் தலையில் ஏறியது. மேளம் அடித்தது. மஞ்சள் துணியை அவனே விலக்கினான்.

பாண்டிதுரை கூட்டத்தை விலக்கிக்கொண்டு பின்னால் போனான். ஓடைக்கரையில் கல்லுக்கு உரியவர்கள் பத்திருபது பேர் வெயிலில் நின்றிருந்தார்கள். மாரிச்சாமி நகர்ந்து இடம் விட்டான். தட்டு வர ஒரு மணி நேரம் ஆனது. அதற்குள் இரண்டாம் பந்திக்கு இலை போட்டுவிட்டார்கள். பூசாரி ஒற்றைச் சூடத்தைக் கொளுத்திக் கல்லுக்குக் காட்டினான். எல்லோருக்கும் கொடுத்துவிட்டுப் பாண்டிதுரையிடம் வந்தபோது கொப்பரையில் திருநீறு இல்லை. விரலால் வழித்து ஒட்டியதைப் பூசிவிட்டான்.

திரும்பும்போது மாரிச்சாமி கருங்கல் முன்னால் நின்றான். மிசின் நன்றாகவே கீறியிருந்தது. கீழே தங்க எழுத்தில், கோட்டை காத்த தளவாய்.

"இதை எடுக்கச் சொல்லணும்" என்றான் பாண்டிதுரை.

"எதுக்கு? இருக்கட்டும். எழுத்தைப் படிக்கிறவன் படிப்பான். கையப் பாக்கத் தெரிஞ்சவன் கையப் பாப்பான்." மாரிச்சாமி கல்லில் இருந்த சாவியை விரலால் தடவிவிட்டு நடந்தான்.

ஊரில் அதன்பிறகு பாண்டிதுரை வீட்டோடு பேச்சு குறைந்தது. சித்தப்பா வீட்டு வளைகாப்புக்குச் சொல்லவில்லை. சண்முகத்தாய்க்கு அது வருத்தம், ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் சட்டம் பெரிதாகப் போட்டு வாங்கிய படம் வீட்டுக்கு வந்தது. ஓரம் விரித்தபடி. சுவரில் வெளுத்த சதுரத்தைவிட அது பெரியதாக இருந்தது.

ஆவணியில் ஒரு நாள் காலை மாரிச்சாமி புதுச்சட்டை போட்டு வந்தான். மகள் கார்த்திகாவுக்குத் தேவதானத்தில் கல்யாணம். பத்திரிகை ஏற்கெனவே கொடுத்திருந்தான். பூட்டைத் திறந்தான். சாவியை அரைஞாணில் முடியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"மூணு நாளைக்கு நான் வரமாட்டேன் அண்ணாச்சி."

"சூப்பர்வைசர்கிட்ட குடுத்துட்டுப் போ."

"அவன் ஏழரைக்குத்தான வாரான். லாரி ஆறுக்கு வந்துரும்." சாவியைப் பார்த்தான். "எங்க வீட்டுல கேட்டேன். மொதல்ல வேண்டாம்னாக. பொறவு, மூணு நாளுதானன்னாக."

நீட்டினான்.

பாண்டிதுரைக்கு எப்படி வாங்குவதென்று தெரியவில்லை. வலது கையை விரித்து நீட்டினான். உள்ளங்கை மேல் நோக்கி இருந்தது. மாரிச்சாமியின் கை அதற்கு மேலே வந்து, சாவியை விட்டது. சாவி நினைத்ததைவிடச் சின்னதாக, உடம்புச் சூட்டோடு இருந்தது.

அதைப் பையில் போட அவனுக்கு மனம் வரவில்லை. மில்லில் கிடந்த பேண்டேஜ் துணியில் ஒரு கீற்றுக் கிழித்துச் சாவியை மணிக்கட்டில் கட்டிக்கொண்டான். மூன்று நாளும் ஐந்து மணிக்கே வந்தான். பூட்டுத் துவாரத்தில் சாவி எந்தப் பக்கம் போகும் என்பது முதல் நாள் பிடிபடவில்லை. லாரிக்காரன் இறங்கி வந்து, என்ன பெருசு, பூட்டுக்கு வைத்தியம் பாக்கியளா என்றான். கல்யாணத்துக்கு சண்முகத்தாய் மட்டும் போனாள். வாசலை விட்டுவிட்டு அவன் போகவில்லை.

வீட்டில் தூங்கும்போதும் அவிழ்க்கவில்லை. சண்முகத்தாய் இரண்டாம் நாள் அந்தக் கட்டைப் பார்த்துவிட்டு, "கையில காயமா?" என்றாள்.

"இல்ல."

"இறுக்கிக் கட்டாதிய. ரத்தம் ஓடட்டும்."

நாலாம் நாள் காலை ஐந்தே முக்காலுக்கு மாரிச்சாமி வந்தான். கல்யாண மஞ்சள் இன்னும் கையைவிட்டுப் போகவில்லை. பாண்டிதுரை பூட்டின் பக்கத்திலேயே நின்றிருந்தான். பல்லால் முடிச்சை அவிழ்த்தான். துணி இருந்த இடத்தில் மணிக்கட்டு வெளுத்துச் சுருங்கியிருந்தது.

"எல்லாம் அப்படியே இருக்கு. உள்ள போயிப் பாத்துக்கிடு" என்றான்.

மாரிச்சாமி உள்ளே போய்ப் பார்க்கவில்லை. கையை விரித்து நீட்டினான். பாண்டிதுரை சாவியை அதில் வைத்தான். வைக்கும்போது தன் கை மேலே இருப்பதைப் பார்த்தான். விரல்களை உடனே எடுத்துவிடாமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தான். மாரிச்சாமி விரல்களை மூடிக்கொண்டான்.

பிறகு மாரிச்சாமி பூட்டைத் திறந்தான். இருவரும் கதவைத் தள்ளினார்கள்.